ஆளிவிதை வாசனை

வாணலியின் மேல் உள்ளங்கையைச் சற்று உயரத்தில் பிடித்துப் பார்த்து, சூடாகிவிட்டது என்று கை சொன்னதும், தையல்நாயகி ஆளிவிதையைக் கொட்டினாள். கொட்டியவுடன் தலையைச் சாய்த்து வலது காதை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மற்றவர்கள் வறுபடுவதை மூக்கால் அறிவார்கள். பருப்பு சிவந்து வாசனை வரும்வரை என்றுதான் எல்லாச் சமையல் குறிப்பும் சொல்கிறது. வாசனை வராமலே போனால் என்ன செய்வது என்று எந்தக் குறிப்பும் சொல்வதில்லை. ஊரெல்லாம் முகமூடி போட்டுக்கொண்டு திரிந்த காலத்தில் அவளுக்கு வந்த காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. போகும்போது அவள் மூக்கையும் எடுத்துக்கொண்டு போயிற்று. நாக்கில் உப்பும் புளிப்பும் உறைப்பும் பத்திரமாக இருந்தன. வாசனை மட்டும், ஒரு வீட்டில் ஓர் அறையைப் பூட்டிச் சாவியைத் தொலைத்ததுபோல, உள்ளே இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போய்விட்டது. ஆறு மாதத்தில் வரும் என்றார் மருத்துவர், பிறகு ஒரு வருஷத்தில் வரலாம் என்றார், பிறகு சிலருக்கு வருவதில்லை என்பதை வேறு எதையோ பார்த்துக்கொண்டு சொன்னார். இது மூன்றாவது வருஷம். வந்துவிடும் என்று நினைப்பதை அவள் நிறுத்தவில்லை, ஆனால் நினைப்பதை யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஆளிவிதை அவளுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அது பேசும் என்பதுதான். கடுகைப்போலத் துள்ளி முகத்தில் அடிக்காது, எள்ளைப்போல ஒரே அவசரத்தில் கருகாது. முதலில் மௌனம், பிறகு ஓரத்தில் எங்கோ ஒன்று டிக் என்னும், சற்றுப் பொறுத்து அதற்குப் பதில் சொல்வதுபோல் நடுவிலிருந்து இன்னொன்று, பிறகு தகரக் கூரையில் தூறல் விழத் தொடங்கியதுபோல எல்லாமாகச் சேர்ந்து. அந்தத் தூறல் தணியத் தொடங்கும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். கண்ணை நம்பிப் பயனில்லை, வறுப்பதற்கு முன்பே அது வறுத்த நிறம்தான், மூக்கும் தேவையில்லை. காது போதும். காது மட்டுமே போதுமான ஒரு வேலை இந்த அடுப்படியில் இருப்பதே அவளுக்கு ஒரு நிம்மதி, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இதற்காகவே அவள் சற்று முன்னதாக எழுந்துவிடுகிறாள்.

விதைகளோடு பழக்கம் அவளுக்குப் புதிதல்ல. விதைப் பரிசோதனை நிலையத்தில் தாவரவியல் பட்டத்தோடு சேர்ந்தவள், இன்றும் அங்கேதான் இருக்கிறாள். நெல்லும் உளுந்தும் நிலக்கடலையும் எள்ளும் அவள் விரல்களுக்குப் பெயர் சொல்லித் தெரியும், ஈரத்தாளில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி வைத்து, எத்தனை கண் விழித்தன, எத்தனை உறங்கிப்போயின என்று அவள் பார்த்திருக்கும் விதைகளைச் சேர்த்தால் ஒரு தாலுகாவையே விதைக்கலாம். ஆளிவிதை மட்டும் அங்கே வந்ததில்லை. இந்தப் பக்கம் அதை யார் பயிரிடுகிறார்கள்? காய்ச்சல் போய் மூக்கும் போன பிறகு, கணவர் அம்பலவாணனுக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடியிருப்பதாகத் தெரிந்து, உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணின் முன்னால் இருவரும் பள்ளிப் பிள்ளைகள்போல் உட்கார்ந்திருந்த நாளில்தான் அந்தப் பெயர் அவர்கள் வீட்டுக்குள் வந்தது. மீன் சாப்பிடுவீங்களா மேடம் என்று கேட்டாள் அந்தப் பெண், நாங்க சைவம்மா என்றாள் இவள், அப்ப ஆளிவிதை சேர்த்துக்குங்க, மீன்ல இருக்கிற நல்ல கொழுப்பு மாதிரி ஒண்ணு இதுல இருக்கு, நார்ச்சத்து வேற, முழுசாப் போட்டா முழுசாவே வெளியே போயிடும், பொடி பண்ணிச் சேருங்க, சார் தண்ணி நிறையக் குடிக்கணும், இதைச் சாப்பிடறோம்னு மாத்திரையை நிறுத்திடக் கூடாது. அம்பலவாணன் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, குருவிக்குப் போடறதை எனக்குப் போடச் சொல்லுது அந்தப் பொண்ணு என்றார். முதல் முயற்சியாகத் தோசை மாவில் கலந்தாள். ராத்திரி முழுக்க ஊறிய மாவு வெண்டைக்காயைப்போல வழுவழுத்துக் கரண்டியைவிட்டு இறங்க மாட்டேன் என்றது, வார்த்த தோசை எடுக்க வராமல் கண்ணி கண்ணியாகப் பிய்ந்தது, அவர் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கொசுவலை நல்லா வந்திருக்கு தையலு என்றார். ரசத்தில் தூவினாள், ரசம் கூழாயிற்று. ஆனால் அவள் பொறுமைசாலி. முளைக்காத விதையைக்கூட கெடு முடியும்வரை தூக்கி எறியாதவள். சப்பாத்தி மாவில் ஒரு கரண்டிப் பொடி சேர்த்துப் பிசைந்தால் மறுநாள்வரை மிருதுவாக இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். அடைமாவு அதை ஏற்றுக்கொண்டது, ஊற விடாமல் அரைத்தவுடன் வார்த்தால் போதும். கீரைக் கூட்டில் இறக்கும்போது தூவினால் தேங்காய் அரைத்துவிட்டதுபோலக் கூட்டுச் சேர்ந்துகொள்கிறது. கேழ்வரகுக் கஞ்சியில் போட்டால் போட்ட இடம் தெரிவதில்லை. எல்லாவற்றையும்விட அதற்கு வாகான இடம் இட்லிப் பொடிதான், உளுந்துக்கும் கடலைப்பருப்புக்கும் மிளகாய்க்கும் நடுவே, எள் இருக்க வேண்டிய இடத்தில், புது மருமகள்போல அல்லாமல் அந்த வீட்டிலேயே பிறந்தவள்போலப் பாந்தமாக உட்கார்ந்துகொண்டது. ஆனால் பொடியை நிறையச் செய்து வைக்க மாட்டாள். எண்ணெய்ப் பசை உள்ள விதை, அரைத்து வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும் என்று படித்திருந்தாள். வாடை வந்ததா என்று அறிய அவளிடம் கருவி இல்லை. அதனால் வாராவாரம் கொஞ்சம், வாராவாரம் புதிதாக. பால் திரிந்ததா, கீரை அழுகியதா, காஸ் அடுப்பின் குழாயில் கசிவு இருக்கிறதா, தன் இரவிக்கையில் வேர்வை நாறுகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு சுற்றுவழி வைத்திருந்தாள், சுற்றுவழிகளாலேயே ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொள்ள முடியும் என்பதும், அதில் சந்தோஷமாகவே இருக்க முடியும் என்பதும் அவளுக்கே வியப்பாக இருந்தது. சாக்கடைத் தெருவில் மற்றவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும்போது அவள் மட்டும் மகாராணிபோல நடந்து போவாள்.

இன்று வாணலியில் தூறல் பிடித்துக்கொள்ள, தலையைச் சாய்த்தபடியே கரண்டியால் விதைகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. வந்தது என்பதுகூட அதிகம். மூடிய கதவுக்கு அந்தப்புறம் யாரோ கடந்து போனால் கதவிடுக்கில் வெளிச்சம் ஒரு கணம் அசையுமே, அப்படி மூக்கின் உச்சியில் ஏதோ அசைந்தது. அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். பிறகு, பயந்த பூனையைக் கூப்பிடுவதுபோல, மெல்ல, மிக மெல்ல உள்ளே இழுத்தாள். இருந்தது. மெலிந்து, ஓரம் மட்டும் தெரிகிற ஒன்று. பெயர் வேண்டும், பெயர் வைத்தால்தான் நிற்கும், என்ன இது, என்ன இது, வேர்க்கடலையா, இல்லை, புகையா, இல்லை, நல்லெண்ணெயா, அதுவும் இல்லை, ஆனால் எண்ணெய்தான், கனத்த எண்ணெய், உலராத ஏதோ ஒன்று, விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லும் வாசனை. பெயிண்ட். அவள் கரண்டியை வாணலி விளிம்பில் சாய்த்து வைத்தாள். பெயிண்ட் வாசனை. அவளுடைய கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அப்பா ஜன்னல் கம்பிகளுக்கெல்லாம் பச்சை அடித்தார், வேண்டாம் வேண்டாம் இப்ப அடிச்சா காயாது என்று அம்மா சொல்லச் சொல்ல அடித்தார், பெண்ணைப் பார்க்க வந்த அத்தைமார்கள் ஜன்னலோரம் சாய்ந்து முதுகெல்லாம் பச்சைக் கோடு போட்டுக்கொண்டு போனார்கள், கறை போக்கத் தாம்பூலத்தோடு மண்ணெண்ணெயும் கொடுத்தனுப்பிய வீடு என்று வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள். அந்த வாசனை. அடுப்பில் வறுபடுவது விதை, மூக்கில் வருவது ஜன்னல். அப்படியானால் இது மூக்கு இல்லை, இது தலை. முகத்தில் ஏறியிருந்த சூடு சட்டென்று இறங்கிற்று. மறுபடியும் அதுதானா?

மறுபடியும் என்றால் மல்லிகை. போன கார்த்திகைத் தீபத்தன்று, அகல்களுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, என்னங்க, மல்லிப்பூ என்றாள். கூவினாள் என்றே சொல்லலாம். அம்பலவாணன் கூடத்திலிருந்து ஓடிவந்து, அவள் முகத்தைப் பார்த்து, ஒரு கணமும் தயங்காமல், ஆமா தையலு, ஜம்முனு வருது என்றார். இருவரும் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள் பூஜை மாடத்தைப் பார்த்தாள். அங்கே சாத்தியிருந்தது கனகாம்பரம். தலையில் இருந்ததும் கனகாம்பரம். அந்தத் தெருவில் அன்றைக்குக் கிடைத்ததே கனகாம்பரம்தான், பிறவியிலேயே மணம் இல்லாத பூ. நரம்பு தேறும்போது இப்படித் தானாகக் கற்பனை செய்துகொள்ளும், அது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம், வெறும் கற்பனையாகவும் இருக்கலாம் என்றார் மருத்துவர். அன்று அவள் அழுதது மல்லிகைக்காக அல்ல. இந்த மனிதர் தன் மேல் வைத்திருக்கும் பிரியத்தால் இனி எதற்கும் சாட்சி ஆக முடியாதவராகிவிட்டார் என்பதற்காக. நான் எதைச் சொன்னாலும் ஆமாம் என்பார். நான் சாம்பிராணி என்றால் சாம்பிராணி, மண்வாசனை என்றால் ஜன்னலைத் திறந்து மழையைத் தேடுவார். அவளுடைய நிலையத்தில் ஒரு முறை உண்டு: மாதிரிப் பொட்டலத்தின் மேல் எண் மட்டுமே இருக்கும். யார் அனுப்பியது, எந்த ஊர், எந்தக் கடை என்பது சோதிப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் இளகிவிடும், செத்ததையும் உயிருள்ளதாக எண்ணிவிடும். அம்பலவாணன் எப்போதும் பொட்டலத்தைப் பிரித்துப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் சோதிக்கிறார், பெயர் எப்போதும் அவள் பெயர்.

கொஞ்சம் இரு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், முறையாக யோசி. காப்பியோ பெருங்காயமோ என்றால் சந்தேகப்படலாம். அவற்றின் வாசனை அவளுக்குள்ளே சேமிப்பாகக் கிடக்கிறது, நினைவு எடுத்து நீட்டினால் மூக்குதான் நுகர்ந்தது என்று ஏமாறலாம். பல நாள் ஏமாந்தும் இருக்கிறாள். ஆனால் ஆளிவிதை மூக்கு போன பிறகு வந்தது. அதன் வாசனை இன்னதென்று அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. தெரியாத ஒன்றை எப்படி நினைவு எடுத்துத் தரும்? ஆகவே இப்போது அவள் நுகர்ந்தது ஆளிவிதையாக இருந்தால், அது மெய். இந்த இடத்தில் நெஞ்சு ஒருமுறை பலமாக அடித்தது, உடனே அடுத்த எண்ணம் அதன் மேல் ஈரச்சாக்கைப் போட்டது: ஆனால் நீ நுகர்ந்தது ஆளிவிதை இல்லையே, பெயிண்ட். பெயிண்ட் உன் சேமிப்பில் இருக்கிறது, பச்சை ஜன்னலோடு, அத்தைமார் முதுகோடு. தின்கிற பண்டம் எதற்குப் பெயிண்ட்போல மணக்கப்போகிறது? ஒருவேளை நிஜமாகவே யாராவது பெயிண்ட் அடிக்கிறார்களோ? அந்த எண்ணம் வந்ததும் அவள் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுப் பால்கனிக்குப் போனாள். இரண்டாவது மாடியிலிருந்து உறையூரின் அந்தத் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சோம்பலோடு கிடந்தது, இஸ்திரி வண்டி, பால் பாக்கெட் தட்டுகள், கதவுகளெல்லாம் பழைய நிறத்தில், பழைய துருவில். ஏணி இல்லை, டப்பா இல்லை. அதே மாடியில் எதிர்வீட்டு மெஹருன் கதவு திறந்துதான் இருந்தது. போய் நின்று, மெஹருன், உங்க வீட்ல பெயிண்ட் ஏதாவது அடிக்கிறாங்களா என்று கேட்டாள். உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தாள் மெஹருன், பெயிண்டா, பெருநாளைக்கே அடிச்சுக் குடுக்கலக்கா உங்க தம்பி, இப்பவா அடிக்கப் போறாரு, ஏங்க்கா? வாசனை வருதுன்னு, என்று தொடங்கியவள், தன் கதை இந்த மாடி முழுக்கத் தெரியும் என்று நினைவு வந்து, அவர் சொன்னாரு என்று முடித்தாள். சாருக்கு மூக்கு ரொம்ப நீளம்க்கா, எனக்கு ஒண்ணும் தெரியலயே, நான் பட்டை கிராம்பு தாளிச்சிட்டு நிக்கிறேன், எனக்குப் பக்கத்துல வந்து ஒரு கல்யாண மண்டபத்தையே பெயிண்ட் அடிச்சாலும் தெரியாது, உங்க அடுப்புல ஏதும் இருக்காக்கா?

இருந்தது. அவள் ஓடினாள். தூறல் எப்போதோ முழுக்க நின்றுவிட்டிருந்தது, வாணலியில் அந்த மௌனம், தொடக்கத்து மௌனம் அல்ல, முடிந்துபோனதன் மௌனம். மெல்லிய நீலப் புகை. அடுப்பை அணைத்து, விதைகளைத் தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பினாள். கருகவில்லை, கருகலுக்கு ஒரு படி முன்னால் நின்றன. கொட்டிவிட்டு வேறு வறுக்கலாம் என்றால், இட்லி வெந்துவிட்டது, அவருக்கு மாத்திரை நேரம், இருக்கட்டும், இந்த வாரம் கொஞ்சம் கசப்பாக இருக்கட்டும். சூட்டோடு அரைத்தால் எண்ணெய் விட்டு ஜாரின் அடியில் அப்பிக்கொள்ளும் என்பது பழைய பாடம், அதனால் ஆறும்வரை காத்திருந்தாள், தாம்பாளத்தின் முன் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு நோயாளியின் அருகில் உட்கார்ந்திருப்பவள்போல. குனிந்து முகர்ந்து பார்க்கவில்லை. பார்க்க ஆசையாக இருந்தது, அந்த ஆசைதான் பயமாகவும் இருந்தது. மல்லிகை ஒரு தடவை வந்து போனதைத் தாங்கியாயிற்று. இதுவும் பொய்யென்று தெரிந்தால், இனி உண்மை வந்தாலும் அவள் கதவைத் திறக்கமாட்டாள், தன்னைத் தனக்குத் தெரியும். வராவிட்டால் இல்லை என்று இருந்துவிடலாம், அது ஒரு அமைதி. வந்து வந்து ஏமாற்றுவதோடு இருக்க முடியாது. ஏற்கெனவே வறுத்து வைத்திருந்த உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம், கல்லுப்பு எல்லாவற்றையும் முதலில் அரைத்து, கடைசியாக ஆளிவிதையைப் போட்டு, விட்டு விட்டுச் சுற்றினாள். மூடியைத் திறந்தாள். பெருங்காயம் வரவில்லை. மிளகாய் வரவில்லை, தும்மல் வந்தது, தும்மல் என்றைக்கும் வரும், அது வாசனைக் கணக்கில் சேராது. அவற்றுக்கெல்லாம் மேலே, தனியாக, முன்பைவிடத் திடமாக, பச்சை ஜன்னல். அவள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சரி. எண் போட்ட பொட்டலம். அவர் முன்னால் பெயிண்ட் என்ற சொல்லை உதட்டிலும் கொண்டுவரக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. அவராகச் சொல்ல வேண்டும். அதுவும் பிரியமாக அல்ல, பிரியத்தை மறந்துபோய்ச் சொல்ல வேண்டும்.

"வாங்க, ஆறிடும்" என்று கூப்பிட்டாள்.

அம்பலவாணன் தொலைக்காட்சியில் ஏதோ பழைய கிரிக்கெட் ஆட்டத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான்கு இட்லி, பொடி, நல்லெண்ணெய், ஒரு கிண்ணம் தேங்காய்ச் சட்னி. பொடியில் குழி செய்து எண்ணெய் விட்டுக் குழைத்தார்.

"பொடி எப்படி இருக்கு?"

"பிரமாதம்."

"இன்னும் வாயிலயே வைக்கலயே."

"பார்த்தாலே தெரியுதே." ஒரு விள்ளலைத் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். தாடை அசைந்தது, ஒரு கணம் நின்றது, மறுபடி அசைந்தது. அந்த ஒரு கணத்தை அவள் பார்த்துவிட்டாள்.

"சொல்லுங்க."

"அதான் சொன்னேனே. பிரமாதம்."

"வாசனை?"

"வாசனையும் பிரமாதம்."

எதிர்பார்த்ததுதான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்ககிட்டப் போய்க் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும். எனக்காவது காய்ச்சல் வந்து மூக்கு போச்சு. உங்களுக்குப் பிறவியிலேயே கிடையாது."

"யாருக்கு? எனக்கா?"

"உங்களுக்குத்தான். ஊசிப்போன சாம்பாரை ஊத்தினாலும் பிரமாதம்பீங்க. உங்க அம்மாவே சொல்லுவாங்க, இவன் மூக்கு கண்ணாடி மாட்டிக்கறதுக்கு மட்டும்தான்னு."

"எங்கம்மாவை ஏன் இப்ப இழுக்கறே? என் மூக்கைப் பத்தி உனக்கென்ன தெரியும்? காலேஜ் டீமுக்கே தெரியும்."

"எந்த டீமு? பன்னெண்டாவது ஆளா தண்ணி தூக்கிட்டு ஓடினீங்களே, அந்த டீமா?"

"பன்னெண்டாவது ஆளுன்னா இளக்காரமா?" இட்லியைத் தட்டில் வைத்துவிட்டார். "அத்தனை பேட்டுக்கும் எண்ணெய் போட்டது யாரு? நான்தான். துணியில தோய்ச்சு, தேய்ச்சு, வெயில் படாம சுவத்துல சாய்ச்சு வெச்சு. எந்தப் பேட்டுக்கு நேத்து போட்டது, எதுக்கு இன்னிக்குப் போட்டதுன்னு கண்ணை மூடிக்கிட்டு மூக்காலயே சொல்லுவேன். மூக்கில்லையாம்! இத்தனை நாளா உன் பொடியை வாயில வைக்கறப்ப எல்லாம் அந்த வாசனைதான் வருது. நான் பேட்டைத் தொட்டுக்கிட்டுத்தான் இட்லி தின்னுட்டிருக்கேன், தெரியுமா? அதுவும் இன்னிக்கு இருக்கே, இப்பத்தான் எண்ணெய் போட்டு வெச்ச புதுப் பேட்டு!"

சொல்லி முடித்ததும் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு எட்டியது. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாயின.

பேட்டு, என்று நினைத்தாள் தையல்நாயகி. பெயிண்ட் இல்லை. மரம், மட்டை, பேட்டு. அவர் இளகாமல்தான் சொன்னார், கோபத்தில் சொன்னார், சாட்சியம் சுத்தமானது, பொருந்தத்தான் இல்லை. பச்சை ஜன்னல் மெதுவாக மூடிக்கொள்ளத் தொடங்கிற்று. சரி, பரவாயில்லை, இட்லி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, சாயங்காலம் துணி மடிக்க வேண்டும். ஆனால் அவள் கெடு முடியும்வரை தூக்கி எறியாதவள்.

"அது என்ன எண்ணெய்?" என்றாள், குரல் வழக்கம்போல வந்ததைக் கேட்டு அவளே ஆச்சரியப்பட்டாள்.

"எது?"

"பேட்டுக்குப் போடறது."

"லின்சீட் ஆயில்." தப்பித்தோம் என்று நினைத்தவர்போல அவர் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "இந்த விதையில எடுக்கறதுதான். ஆளிவிதை எண்ணெய்னு வெச்சுக்கயேன். உனக்குத் தெரியாதா? நீதானே விதை ஆபீசு."

"இங்க அது விளையாது. நான் பார்த்ததே இல்ல."

"மரத்துக்குத் தடவினா உள்ள இறங்கும், வெடிக்காது. பேட்டுக்கு மட்டுமில்ல, மேசை நாற்காலிக்கெல்லாம் தடவுவாங்க. முன்னெல்லாம் பெயிண்டே இதுலதான் கலக்குவாங்க. பெயிண்ட் அடிச்ச வீட்டுக்குள்ள போனா கும்முனு அடிக்குமே ஒரு வாசனை? பாதி இதுதான்."

அவள் கேட்டு வாங்கவில்லை. பெயிண்ட் என்ற அந்தச் சொல்லை அவர் பக்கம் நகர்த்திக்கூட வைக்கவில்லை. அப்பா அந்த ஜன்னல்களுக்குப் பூசியது இந்த விதையைத்தான். அத்தைமார்கள் முதுகில் ஒட்டிக்கொண்டு போனதும் இதுவேதான். கனகாம்பரத்தைப் பார்த்து மல்லிகை என்று சொன்ன அந்த மூக்கு இன்றைக்கு, யாருமே நம்பமாட்டாத ஒன்றைச் சொல்லி, அதில் நின்றிருக்கிறது. நம்பாமல் போனது அவள்தான். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தெருவில் இஸ்திரிக்காரர் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டார். பெருங்காயம் இன்னும் வரவில்லை, காப்பி வரவில்லை, அவையெல்லாம் அந்தப் பூட்டிய அறையிலேயே இருக்கலாம், வருஷக்கணக்கில் இருக்கலாம், இருக்கட்டும், அவசரமில்லை.

அவள் பேசாமல் இருப்பதை அவர் கோபம் என்று எடுத்துக்கொண்டார். "கோவிச்சுக்கிட்டியா? சும்மா ஒரு வேகத்துல சொன்னேன். நல்லாத்தான் இருக்கு தையலு. எனக்குப் பேட்டு வாசனை ரொம்பப் பிடிக்கும்."

"நல்லா இல்ல" என்றாள் அவள். "கூட வறுபட்டுப் போச்சு. நெடி அடிக்குது."

"ஆமா, லேசா அடிக்கத்தான்" என்று வழக்கப்படி ஒத்துக்கொள்ளத் தொடங்கியவர் பாதியில் நின்றார். எண்ணெய் வழிந்த விரல்கள் அந்தரத்தில் அப்படியே இருந்தன. "உனக்கு எப்படித் தெரியும்?"

"காலையில மெஹருன் வீட்டுல போய்க் கேட்டுட்டு வந்தேன், பெயிண்ட் அடிக்கிறீங்களான்னு."

அவர் அவளைப் பார்த்தார், பொடியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுவதும் அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சொல்ல அவசரப்படாத அந்த முகத்தை.

"சட்னி தொட்டுக்குங்க" என்று கிண்ணத்தை நகர்த்தினாள். "இதை வேணாம், நான் வேற வறுக்கறேன்."

அவர் சட்னிக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டுப் பொடி ஜாரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். இன்னும் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் போட்டார், எண்ணெய்கூட விடாமல் ஒரு பெரிய விள்ளலை அதில் அழுத்தி வாயில் திணித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் தோளில் கிடந்த துண்டில் துடைத்தார். மாத்திரையை எடுத்துத் தரவேண்டும், தண்ணீர் வைக்கவேண்டும் என்று நினைத்தபடியே அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, சொல்லவேண்டிய தேவை ஒன்றும் இல்லாமல், சொல்வதில் இருந்த சுகத்துக்காக மட்டும், இன்னொரு தடவை சொன்னாள்:

"நெடி அடிக்குதுங்க."